மூன்று விநாடியில் தீர்ப்பா?

கார்வெட் வென்றது, மஸ்டாங் தோற்றது, வழக்கு முடிந்தது என்கிறார்கள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் ஃபோர்டு மஸ்டாங் ஜிடிடி ஒரு சுற்றை 6 நிமிடம் 52.072 விநாடியில் முடித்தது என்ற அறிவிப்பு 2025 மே மாதம் வந்தது. ஜூலை இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கணக்கை வெளியிட்டது: செவ்ரோலே கார்வெட் இசட்ஆர்1 எடுத்துக்கொண்டது 6 நிமிடம் 50.763 விநாடி, அதற்கும் மேல்படியில் உள்ள இசட்ஆர்1எக்ஸ் எடுத்துக்கொண்டது 6 நிமிடம் 49.275 விநாடி. அன்றிலிருந்து, பந்தயத் தடத்தில் எந்த அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சிறந்தது என்று கேட்டால் கார் பிரியர்களில் பெரும்பாலோர் இந்த எண்களைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை என்பதுதான் இன்று பரவலான கருத்து.

அந்தக் கருத்தை அதன் முழு வலிமையோடு முதலில் சொல்லிவிடுகிறேன். நூர்பர்க்ரிங்கின் வடக்குத் தடமான நார்ட்ஷ்லைஃபே எளிதில் ஏமாற்றக்கூடிய தடமல்ல. நீளம் 20.832 கிலோமீட்டர். 73 வளைவுகள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே சுமார் 300 மீட்டர் உயர வேறுபாடு. சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும் இடம் உண்டு, சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கிப்போகும் இடம் உண்டு, இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நேர்ப்பாதையும் உண்டு. ஒரு காரின் எஞ்சின், பிரேக், டயர், காற்றியக்கம் எல்லாவற்றையும் ஒரே சுற்றில் சோதிக்கும் தடம் இதைப் போல் இன்னொன்று அரிது. 2019 முதல் தட நிர்வாகமே விதிகளை வகுத்து, நோட்டரி சரிபார்க்க, நேரத்தைப் பதிவுசெய்கிறது. இரண்டு நிறுவனங்களும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டே ஓடின. போதாததற்கு, 2023 ஆகஸ்டில் ஜிடிடியை அறிமுகம் செய்தபோதே இந்தத் தடத்தை ஏழு நிமிடத்துக்குள் முடிப்பதுதான் இலக்கு என்று ஃபோர்டு அறிவித்திருந்தது. தானே தேர்ந்துகொண்ட களத்தில் பின்தங்கியவர் பிறகு களத்தைக் குறைசொல்ல முடியாது. அதுவும் ஏறத்தாழ பாதி விலைக் காரிடம் பின்தங்கிய பிறகு.

இது வலுவான வாதம். ஆனாலும் தவறான வாதம். மஸ்டாங்கைக் காப்பாற்றுவது என் நோக்கமல்ல. கார்வெட்டைக் குறைத்துச் சொல்வதும் அல்ல. ஒரு சுற்று நேரத்தை ஒரு காரின் குணமாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன். அந்தப் பழக்கம் வாங்குபவரையும் தவறாக வழிநடத்துகிறது, தயாரிப்பவரையும் தவறாக வழிநடத்துகிறது.

1. எந்த இடைவெளியைத் தீர்ப்பு என்கிறீர்கள்? மஸ்டாங் ஜிடிடிக்கும் இசட்ஆர்1எக்ஸுக்கும் இடையே உள்ளது 2.797 விநாடி. மொத்த நேரத்தில் அது ஒரு சதவீதம்கூட இல்லை, 0.7 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. சராசரி வேகத்தில் பார்த்தால் ஒன்று மணிக்கு 182 கிலோமீட்டர், மற்றது 183. சாதாரண இசட்ஆர்1உடன் ஒப்பிட்டால் வித்தியாசம் 1.309 விநாடிதான், ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு.

இப்போது இதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வையுங்கள். இதே ஜிடிடி 2024இல் இதே தடத்தில் ஓடியபோது எடுத்துக்கொண்டது 6 நிமிடம் 57.685 விநாடி. இரண்டு முறையும் ஓட்டியவர் டிர்க் முல்லர். எஞ்சின் அதுவேதான். காரின் உடல் விறைப்பைக் கூட்டி, காற்றியக்கப் பாகங்களைத் திருத்தி, பிரேக்கையும் இழுவையையும் ஆளும் மென்பொருளைச் சீர்செய்து மறுபடி ஓட்டினார்கள். 5.613 விநாடி குறைந்தது. ஒரே பெயருள்ள கார், ஒரே ஓட்டுநர், ஓராண்டுக்குள் 5.6 விநாடி! அப்படியிருக்க, இரண்டு வெவ்வேறு கார்களுக்கு இடையிலான 2.8 விநாடியை மாறாத உண்மையாக எப்படிக் கொள்வது? ஒரே பெயருள்ள காரில் சில திருத்தங்களாலேயே அளவு இவ்வளவு நகருமானால், அதில் பாதி அளவுள்ள வித்தியாசத்தைக் கொண்டு இரண்டு பொருள்களைத் தரம்பிரிக்க முடியாது.

'அப்படியானால் ஃபோர்டு மறுபடி வந்து நேரத்தைக் குறைக்கட்டுமே' என்று பதில் வரும். வரட்டும், குறைக்கட்டும். அந்தப் பதிலே என் தரப்பை ஒப்புக்கொள்கிறது. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு பொறியாளர் குழு எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

2. ஓட்டியவர் யார்? ஜிடிடியை ஓட்டிய முல்லர் தொழில்முறைப் பந்தய ஓட்டுநர். 2016 லெ மான்ஸ் 24 மணிப் பந்தயத்தில் ஃபோர்டு ஜிடி காரில் தன் பிரிவை வென்ற மூவரில் ஒருவர். இசட்ஆர்1எக்ஸை ஓட்டிய ட்ரூ கேட்டலும் இசட்ஆர்1ஐ ஓட்டிய பிரையன் வாலஸும் ஜெனரல் மோட்டார்ஸின் பொறியாளர்கள். கார்வெட் தரப்பினர் இதைப் பெருமையோடு எடுத்துச் சொல்கிறார்கள்: எங்கள் காரைப் பந்தய வீரர் ஓட்டியிருந்தால் இன்னும் சில விநாடி குறைந்திருக்கும் என்று.

குறைந்திருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்பவர், சுற்று நேரத்தில் ஓட்டுநருக்கு ஒரு பங்கு உண்டு, அது விநாடிக் கணக்கில் வரும் என்று ஏற்கிறார். ஏற்றபின், அதே நேரத்தை முழுக்கக் காரின் கணக்கில் எழுத அவருக்கு உரிமை இல்லை. எதிர்ப்பக்கத்திலும் ஒன்று சொல்லலாம்: ஒரு காரை உருவாக்கி, அதன் ஒவ்வொரு அசைவையும் சோதித்துப் பழகிய பொறியாளரை வெளியாள் என்று எண்ண முடியாது, அந்தக் காரைப் பொறுத்தவரை அவர்தான் உள்ளாள். இந்த இரண்டில் எது எவ்வளவு விநாடி பெறும் என்று கணக்கிட வழியில்லை. கார்வெட்டுக்குள்ளேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. இசட்ஆர்1, இசட்ஆர்1எக்ஸ் இரண்டுக்கும் இடையே உள்ளது 1.488 விநாடி. ஓட்டியவர்களோ வேறு வேறு ஆட்கள். அதில் எவ்வளவு காருடையது, எவ்வளவு ஆளுடையது?

3. குதிரைத்திறன் வென்றது என்று சொல்பவர்கள் தங்கள் எண்களையே படிக்கவில்லை. ஜிடிடியின் 5.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் வி8 தருவது 815 குதிரைத்திறன். இசட்ஆர்1இன் 5.5 லிட்டர் இரட்டை டர்போ வி8 தருவது 1,064. முன்சக்கரங்களுக்கு மின்மோட்டாரும் சேர்த்த இசட்ஆர்1எக்ஸ் 1,250 தருகிறது. உச்ச வேகத்திலும் அப்படியே: ஜிடிடிக்கு மணிக்கு 325 கிலோமீட்டர், இசட்ஆர்1க்கு 375. எஞ்சினை முன்னால் வைத்த ஜிடிடி ஏறக்குறைய 2 டன் எடையுள்ளது. நடுவில் எஞ்சின் வைத்த இசட்ஆர்1 அதைவிட எடை குறைந்தது.

திறனில் 249 கூடுதல், எடையில் குறைவு, அமைப்பிலும் சாதகம். இத்தனையும் சேர்ந்து ஏறக்குறைய 21 கிலோமீட்டரில் ஈட்டித் தந்தது 1.3 விநாடி. இதைப் படித்துவிட்டு ஒருவர் 'மஸ்டாங்கின் சஸ்பென்ஷனும் காற்றியக்கமும்தான் வியப்புக்குரியவை' என்று முடிவுகட்டினால், அவரும் இதே எண்களைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார். ஒரே எண் இரண்டு எதிரெதிர் முடிவுகளுக்குச் சமமாக உதவுமானால், அது எதையும் நிரூபிக்கவில்லை.

திறன் வீண் என்று சொல்லவில்லை. 670 குதிரைத்திறன் கொண்ட கார்வெட் இசட்06, இந்தத் தடத்தில் 7 நிமிடம் 11.826 விநாடி எடுத்தது; இசட்ஆர்1 அதைவிட 21 விநாடி வேகம். திறனுக்கும், அதோடு வந்த இறக்கைக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அந்த 21 விநாடிக்குப் பிறகு இன்னும் 186 குதிரைத்திறனும் நான்கு சக்கர இழுவையும் சேர்த்தபோது கூடுதலாகக் கிடைத்தது ஒன்றரை விநாடிக்கும் குறைவு. மின்மோட்டாரும் பேட்டரியும் எடையாகத் தம் விலையை வாங்கிக்கொள்கின்றன.

அமெரிக்கக் கார்களின் வரலாறே இந்தத் திறன் மோகத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 645 குதிரைத்திறன் கொண்ட டாட்ஜ் வைப்பர் ஏசிஆர் 2015இல் கலிஃபோர்னியாவின் லகுனா சேக்கா தடத்தை 1 நிமிடம் 28.65 விநாடியில் சுற்றியது. அதற்கு முன் 887 குதிரைத்திறன் கொண்ட போர்ஷே 918 அங்கே எடுத்தது 1 நிமிடம் 29.89. இரண்டையும் ஓட்டியவர் ராண்டி போப்ஸ்ட் என்ற ஒரே ஆள். ஓட்டுநரை மாற்றாமல் ஒப்பிட்டால் எவ்வளவு தெளிவாகப் பேச முடிகிறது என்பதற்கும் இதுவே எடுத்துக்காட்டு. நாள் வேறு, வெயில் வேறு என்ற குறை இதிலும் இருக்கிறது. ஆனால் இந்த வித்தியாசம் ஒன்றேகால் சதவீதத்துக்கும் மேல். நூர்பர்க்ரிங்கில் நாம் பேசிக்கொண்டிருப்பது அதில் பாதி.

4. ஒரே டயர் என்கிறார்கள். பெயர் ஒன்று, டயர் ஒன்றல்ல. இரண்டு நிறுவனங்களும் இந்தக் கார்களுக்குத் தேர்ந்தது மிஷெலின் கப் 2 ஆர் வகை. ஆனால் ஜிடிடியின் முன் டயர் 325 மில்லிமீட்டர் அகலம், இசட்ஆர்1இன் முன் டயர் 275. பழைய நேரங்களை எடுத்துவந்து சேர்ப்பவர்கள் இன்னொரு பிழையும் செய்கிறார்கள். 2017இல் வைப்பர் ஏசிஆர் எடுத்த 7 நிமிடம் 1.3 விநாடியை ஜிடிடியின் 2024 நேரத்தின் பக்கத்தில் வைத்து, ஏழு ஆண்டில் நான்கு விநாடிதானா முன்னேற்றம் என்று கேட்கிறார்கள். வைப்பரின் நேரம் 20.6 கிலோமீட்டருக்கு, ஜிடிடியின் நேரம் 20.832 கிலோமீட்டருக்கு. 2021இல் போர்ஷே ஜிடி2 ஆர்எஸ் ஒரே ஓட்டத்தில் இரண்டு நேரங்களையும் பதிவுசெய்தது: குறுகிய அளவுக்கு 6 நிமிடம் 38.835, முழு அளவுக்கு 6 நிமிடம் 43.300. நாலரை விநாடி, வெறும் அளவுகோலின் வித்தியாசம்! அதைக் கவனிக்காமல் மூன்று விநாடிக்கும் நான்கு விநாடிக்கும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

5. பாதி விலையில் வென்றதே, அதற்கு என்ன பதில்? இசட்ஆர்1 அறிமுகமானபோது தொடக்க விலை ஏறத்தாழ 1,75,000 டாலர். இசட்ஆர்1எக்ஸின் அறிமுக விலை 2,07,000 டாலரைச் சற்றுத் தாண்டியது. ஜிடிடியின் விலை 3,25,000 டாலரை ஒட்டியிருந்தது. கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் வேகத்தில் கார்வெட் வெகுதூரம் முன்னே நிற்கிறது. இதை மறுக்க ஒரு சொல்லும் என்னிடம் இல்லை. ஆனால் அது விலையைப் பற்றிய வாதம். மஸ்டாங் நாளையே பாதி விலைக்கு இறங்கினால் அதன் சுற்று நேரம் ஒரு விநாடிகூட மாறாது. தடத்தில் எது சிறந்தது என்ற கேள்விக்குக் கடையில் எது மலிவு என்று பதில் சொல்வது, கேள்வியை மாற்றிவிட்டு வென்றதாகச் சொல்வதாகும்.

6. இனி, எல்லாவற்றிலும் பெரிய மறுப்பு: தடத்தில் ஓட்டுவது என்பது ஒரு சுற்று ஓட்டுவதல்ல. சாதனை ஓட்டத்துக்கு ஒரு நல்ல சுற்று போதும். டயர் சரியான சூட்டில் இருக்க வேண்டும், எஞ்சின் எண்ணெய் இன்னும் அதிகச் சூடாகாமல் இருக்க வேண்டும், பிரேக் புதிதாக இருக்க வேண்டும். ஏழு நிமிடம் கழித்து எது நடந்தாலும் அந்த எண்ணைப் பாதிக்காது. இந்தக் கார்களை வாங்கி அமெரிக்கத் தடங்களுக்கு எடுத்துச்செல்பவர் ஓட்டுவதோ பொதுவாக 20 அல்லது 30 நிமிடம் நீளும் அமர்வுகள். ஒரு நாளில் அப்படிப் பல. அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம். எஞ்சினுக்குள் செல்லும் காற்று சூடாகிறது, கியர்பாக்ஸ் எண்ணெய் சூடாகிறது, டிஃபரன்ஷியல் சூடாகிறது, டயர் பிடியை இழக்கிறது, பிரேக் மிதி மெல்ல மெல்ல ஆழம் போகிறது. எல்லை மீறினால் காரின் கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் திறனைக் குறைத்துவிடுகிறது. ஆயிரம் குதிரைத்திறன் என்ற எண் அப்போது விளம்பரத்தில் மட்டுமே இருக்கும்.

இது கற்பனை அச்சமல்ல, இரு தரப்பின் வரலாற்றிலும் நடந்தது. 2015இல் சந்தைக்கு வந்த முந்தைய தலைமுறை கார்வெட் இசட்06, 650 குதிரைத்திறன் சூப்பர்சார்ஜர் எஞ்சினோடு தடத்துக்காகவே செய்ததாக விற்கப்பட்டது. தடத்தில் ஓட்டும்போது எஞ்சின் அதிகச் சூடாகித் திறனைக் குறைத்துக்கொள்கிறது என்று உரிமையாளர்கள் முறையிட்டார்கள். 2017இல் நீதிமன்றப் படியேறினார்கள். 2017 மாடலுக்கு அந்தக் காரின் பானெட்டில் காற்றுத் துளைகளைப் பெரிதாக்கியது நிறுவனம். அதே 2017இல் ஃபோர்டுக்கு எதிராகவும் ஒரு வழக்கு: 2016 ஷெல்பி ஜிடி350இன் சில வகைகளில் கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் எண்ணெய்க் குளிரூட்டிகள் இல்லை, தடத்தில் சூடாகித் திறன் குறைகிறது என்பது குற்றச்சாட்டு. தடத்துக்கான தனித் தொகுப்பை வாங்கியவர்களின் காரில் அந்தக் குளிரூட்டிகள் இருந்தன. 2017 மாடலில் அந்தத் தொகுப்பையே எல்லா ஜிடி350க்கும் பொதுவாக்கினார்கள்.

இந்த இரண்டு கார்களும் ஒரு சுற்றில் பிரமாதமானவை. அந்த ஒரு சுற்றின் நேரத்தை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு, கோடை நாளில் ஓர் அமர்வின் பின்பாதியில் கார் என்ன செய்யும் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லும் பழக்கம் நம்மிடம் இல்லை. இப்போதும் ஜிடிடி, இசட்ஆர்1, இசட்ஆர்1எக்ஸ் மூன்றையும் பற்றி ஊரெல்லாம் பேசப்படுவது ஒரு சுற்றின் கணக்குதான். 1,250 குதிரைத்திறனும் பேட்டரியும் கொண்ட ஒரு காரைப் பொறுத்தவரை, பத்தாவது சுற்றில் அந்த மின்மோட்டார் எவ்வளவு உதவும் என்பதைவிட முக்கியமான கேள்வி வேறு என்ன இருக்கிறது?

வைப்பர் 2017இல் நூர்பர்க்ரிங் வந்த கதையும் இங்கே பொருந்தும். அதை அழைத்துவந்தது நிறுவனம் அல்ல. வைப்பர் உரிமையாளர்களும் அபிமானிகளும் பணம் திரட்டி அழைத்துவந்தார்கள். 7 நிமிடம் 1.3 விநாடி கிடைத்தது. ஏழு நிமிடத்தை உடைக்கும் முயற்சி டயர் கோளாறில், கார் தடுப்பில் மோதி முடிந்தது. ஒரு தொழிற்சாலைக் குழு உடன் இருந்திருந்தால், கூடுதல் டயரும் கூடுதல் நாள்களும் கிடைத்திருந்தால், அந்த எண் வேறாக இருந்திருக்கலாம். சுற்று நேரப் பட்டியலில் இது எதுவும் தெரியாது. அங்கே காரின் பெயரும் நேரமும்தான் இருக்கும்.

'குறை சொல்லிக்கொண்டே போகிறீர்கள், இதைவிட நல்ல அளவு எது இருக்கிறது?' என்ற கேள்வி நியாயமானது. இருக்கிறது. அமெரிக்காவின் கார் அண்ட் டிரைவர் இதழ் 2006 முதல் வர்ஜீனியா தடத்தில், சுமார் 6.6 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே அமைப்பில், தன் ஓட்டுநர்களைக் கொண்டே கார்களைச் சுற்றவிட்டு நேரத்தை வெளியிட்டு வருகிறது. நிறுவனம் தன் ஆளை வைத்துத் தனக்குப் பிடித்த நாளில் ஓட்டிக்காட்டும் நேரத்தைவிட அது நம்பத்தக்கது. அதையும் தாண்டி நான் கேட்பது இதுதான்: ஜிடிடியும் இசட்ஆர்1உம் ஒரே நாளில், ஒரே தடத்தில், ஒரே ஓட்டுநரின் கையில், 20 நிமிட அமர்வுகளாக ஓடட்டும். முதல் சுற்றின் நேரத்தையும் கடைசிச் சுற்றின் நேரத்தையும் சேர்த்து எழுதட்டும். எண்ணெயின் சூட்டையும் டயர் தேய்ந்த அளவையும் எழுதட்டும். இதில் செய்ய முடியாதது எதுவும் இல்லை. இரண்டு கார், ஒரு ஓட்டுநர், ஒரு நாள் வாடகைக்குத் தடம். ஒரு நல்ல இதழின் கைக்கு எட்டுவதுதான்.

ஒரு சுற்று நேரத்தை மட்டும் பார்க்கும் பழக்கத்தின் விளைவும் சிறியதல்ல. வாங்குபவர் ஒரு எண்ணை மட்டும் கேட்டால், தயாரிப்பவர் அந்த ஒரு எண்ணுக்காகவே காரைச் செய்வார். ஒரு சுற்றுக்கு மட்டும் உச்சப் பிடி தரும் டயர், ஒரு தடத்தின் மேடுபள்ளத்துக்கு மட்டும் ஒத்துப்போகும் சஸ்பென்ஷன், விளம்பரத்துக்கு உதவும் குதிரைத்திறன் எல்லாம் வரும். கூடுதல் குளிரூட்டி வராது, ஏனென்றால் அது எடை. ஏழு நிமிடத்தில் அதற்கு வேலையும் இல்லை. ஜிடி350இன் குளிரூட்டிகள் முதலில் விருப்பத் தேர்வாக இருந்து, பிறகுதான் எல்லாருக்குமானவையாக மாறின என்பதை மறக்க வேண்டாம்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பணத்துக்கு ஈடாகக் கிடைக்கும் வேகத்தில் கார்வெட் இசட்ஆர்1 வென்றது, தயக்கமின்றிச் சொல்லலாம். ஒரு சுற்று நேரத்தில் இந்தக் கார்கள் சமம். இருக்கும் இடைவெளி ஓட்டுநரும் நாளும் மென்பொருளும் மாறினாலே மறையக்கூடியது. தடத்தில் சிறந்த கார் எது என்ற கேள்விக்கு, அந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு எவரும் விடை சொல்ல முடியாது.

தமிழில் வாகனச் செய்தி எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி ஒரு சுற்று நேரத்தை அச்சிடும்போது, அதன் பக்கத்திலேயே ஓட்டுநரின் பெயரையும், டயரின் பெயரையும் அளவையும், தடத்தின் நீளத்தையும், ஓட்டத்தை நடத்தியது நிறுவனமா இதழா என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். ஒரே வரியில் அடங்கும் செய்தி அது. அந்த வரி இல்லாத ஒப்பீட்டை வாசகர்களும் ஏற்க வேண்டாம்.